இன்னொரு சீட்டு

காங்கேயத்தை ஒட்டி இருக்கிறது சிவன்மலை. பேர்தான் சிவன்மலை, மேலே குடியிருப்பவர் மகன், சுப்பிரமணிய சுவாமி. கொங்கு நாட்டில் இந்த மலைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. காரணம், சன்னதிக்கு முன்னால் தூணில் இருக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி. ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’ என்பார்கள்.

விஷயம் இதுதான். எந்த ஊரிலோ இருக்கிற யாரோ ஒரு பக்தரின் கனவில் சாமி வருகிறார். இன்ன பொருளைக் கொண்டுவந்து வை என்கிறார். பக்தர் மலையேறி வந்து சொல்கிறார். கனவு கண்டேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம் இல்லையா? அதனால் சாமியிடமே பூப்போட்டுக் கேட்கிறார்கள். வெள்ளைப் பூ, சிவப்புப் பூ இரண்டையும் வைத்து எடுக்கிறார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. அந்தப் பொருள் பெட்டிக்குள் போகிறது. பூஜை நடக்கிறது. இத்தனை நாள் என்று கெடு எதுவும் கிடையாது. அடுத்து வேறு யாருக்காவது கனவு வந்து, அதற்கும் பூ வருகிறவரை பழைய பொருள்தான் இருக்கும். சில பொருள் சில நாளில் மாறிவிடும். சிலது மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

மண் வைத்தபோது நிலத்தின் விலை ஏறியது என்பார்கள். தண்ணீர் வைத்தபோது சுனாமி வந்தது என்பார்கள். துப்பாக்கிக்கு எல்லைச் சண்டை. இரும்புச் சங்கிலிக்கு... அவரவர் கட்சியைப் பொறுத்து ஒரு விளக்கம். பெட்டியில் இப்போது என்ன இருக்கிறது என்பது காங்கேயத்தில் டீக்கடைப் பேச்சு. ஈரோட்டிலும் திருப்பூரிலும் வியாபாரிகள் காதைக் கொஞ்சம் கூர்மையாக்கிக் கேட்டுக்கொள்ளும் பேச்சு. பொருள் மாறினால் பேப்பரில் படத்தோடு செய்தி வந்துவிடும்.

நான் பி.காம். படித்தவன். பெட்டியில் மஞ்சள் வைத்தார்கள் என்றால் என் புத்தி நேராக ஈரோடு மார்க்கெட்டுக்குத்தான் போகும். 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாய்க்கு மேல் போன மஞ்சள், 2012-ல் 5,000-க்கும் கீழே இறங்கியது. மலையில் சொல்கிற விளக்கம் என்னவென்றால், பெட்டியில் வைக்கிற பொருள் ஏதோ ஒரு தாக்கத்தை உண்டாக்கும். அவ்வளவுதான். விலை ஏறினாலும் தாக்கம், இறங்கினாலும் தாக்கம். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அல்லவா குடோனில் மூட்டையை அடுக்கலாம்!

பலிக்கிறதா, இல்லையா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அதை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் நூறு வருஷமாகப் பேசி அலுத்துவிட்டார்கள். அந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அதனிடம் நீங்கள் கேள்வி கேட்க முடியாது. ‘என் பையனுக்கு மெடிக்கல் சீட் கிடைக்குமா?’ என்று அதன் முன்னால் நின்றால், அதற்குள் ஒரு கைப்பிடி உப்போ, ஒரு செம்புத் தண்ணீரோ இருக்கும். உங்களுக்கும் அதுதான், பக்கத்தில் நிற்கிற கலெக்டருக்கும் அதுதான். பிடிக்கவில்லை, வேறு காட்டுங்கள் என்று சொல்ல முடியாது.

இது எனக்கு உறைத்தது மலையில் அல்ல. சரவணம்பட்டியில், நண்பர் ஒருவருடைய மகளின் அறையில்.

பெண் ஐ.டி.யில் இருக்கிறாள். நல்ல சம்பளம், நல்ல புத்தி. அவள் அலமாரியில் புத்தகம் அடுக்குகிற மாதிரி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சீட்டுக்கட்டு. ஆரக்கிள் கார்டு என்கிறார்கள். ஆன்லைனில் வரவழைக்கிறாள். வாரம் ஒரு கட்டு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கலைத்துப் போட்டு ஒரு சீட்டு எடுப்பாள். அந்த வாரத்துக்கு அதுதான் சேதி. ஒரு வாரம் தேவதைகள், ஒரு வாரம் காட்டு மிருகங்கள், ஒரு வாரம் நிலா, ஒரு வாரம் செடி கொடி.

“எதுக்கு அம்மிணி இத்தனை?” என்று கேட்டேன்.

“ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி பேசும் சித்தப்பா. போன வாரக் கட்டு ரொம்ப மோசம். ‘விட்டுடு, விட்டுடு’ன்னே வந்துச்சு. அதான் மாத்திட்டேன்.”

“எதை விடச் சொல்லுச்சு?”

சிரித்தாள். பதில் சொல்லவில்லை. நானும் தோண்டவில்லை.

இந்தச் சீட்டுகளின் பூர்வீகத்தை ஒரு வரி சொல்லிவிடுகிறேன். டாரட் என்பது வேறு. அது பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் ஆடிய சீட்டாட்டம். பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்ஸில்தான் அது குறி சொல்ல ஆரம்பித்தது. 78 சீட்டு, அதற்கென்று ஒரு ஒழுங்கு, ஒரு வரிசை. ஆரக்கிள் கார்டுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. எத்தனை சீட்டும் இருக்கலாம், எந்தப் படமும் போடலாம், யாரும் அச்சடிக்கலாம். அதனால்தான் வாரம் ஒரு கட்டு வாங்குகிற வசதி. தேவதைச் சீட்டுகளை உலகம் முழுக்க விற்றுப் பேர் வாங்கிய அமெரிக்கப் பெண்மணி டோரீன் விர்ச்சூ, 2017-ல் கிறிஸ்தவத்துக்குத் திரும்பி, ‘நான் போட்ட சீட்டுகளை யாரும் பயன்படுத்தாதீர்கள்’ என்கிற நிலைக்கு வந்துவிட்டார். கட்டுகள் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

எந்தக் கட்டை எடுத்தாலும் நம்மைப் பற்றியே பேசுவதுபோல் ஏன் இருக்கிறது? இதற்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர், தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, ‘இது உன் குணாதிசயம்’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். கடையில் விற்கிற ஜோசியப் புத்தகத்திலிருந்து அவர் பொறுக்கிய வரிகள்.

சிரிக்காதீர்கள். கிளி ஜோசியக்காரர் முன்னால் நாமும் தலையாட்டியவர்கள்தான். மருதமலை அடிவாரத்திலும் பேரூரிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கூண்டுக் கதவு திறப்பதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த தலைமுறை நம்முடையது. கிளி வெளியே வரும். சீட்டுகளை ஒவ்வொன்றாக அலகால் ஒதுக்கும். ஒன்றை உருவும். ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் போய்விடும். மீனாட்சி வந்தால் சந்தோஷம், சனீஸ்வரன் வந்தால் பரிகாரம்.

இப்போது அந்தக் காட்சி அருகிவிட்டது. நம் ஊர்க் கிளியைப் பிடித்துக் கூண்டில் வைப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 தேர்தலில் கடலூரில் நின்ற இயக்குநர் தங்கர் பச்சானுக்கு ஒரு கிளி ‘ஜெயிப்பீர்கள்’ என்று சீட்டு எடுத்துக் கொடுத்தது. வீடியோ பரவியது. வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்தது, கிளிகளைப் பறிமுதல் செய்தது. தேர்தலில் அவர் தோற்றும் போனார். தன் கூண்டுக்கு என்ன ஆகப்போகிறது என்பது அந்தக் கிளியின் சீட்டில் இல்லை.

2010 உலகக் கோப்பையின்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மணி என்ற நம் ஊர்ப் பாணிக் கிளி ஒன்று உலகப் புகழ் அடைந்தது ஞாபகம் இருக்கிறதா? காலிறுதி நான்கையும் சரியாகச் சொன்னது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து என்றது. ஜெயித்தது ஸ்பெயின். ஜெர்மனியில் ‘பால்’ என்கிற ஆக்டோபஸ் ஸ்பெயின் என்று சொல்லிவிட்டதால் மணியை மறந்துவிட்டோம். இதிலும் நமக்கு இரண்டாவது இடம்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒரு குறியைக் கேட்டபிறகு, பிடிக்கவில்லை என்று இன்னொரு குறி கேட்கலாமா?

‘இதில் என்ன தப்பு? டாக்டரிடம் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதில்லையா? கம்பெனியில் மூன்று கொட்டேஷன் வாங்குவதில்லையா?’ என்பீர்கள். நியாயம்தான். ஆனால் டாக்டர் விஷயத்தில், கட்டி என்பது உங்கள் வயிற்றில் நிஜமாக இருக்கிறது, அல்லது இல்லை. முதல் டாக்டர் தப்பாகப் பார்த்திருந்தால் இரண்டாவது டாக்டர் சரியாகப் பார்க்கலாம். சீட்டில் அப்படி எதுவும் இல்லை. சரிபார்க்க அங்கே கட்டி இல்லை. ‘விட்டுடு’ என்ற கட்டை மாற்றிவிட்டு ‘பிடித்துக்கொள்’ என்று சொல்லும் கட்டுக்குப் போகிறோம் என்றால், பதில் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதற்கு ஒரு சாட்சிக் கையெழுத்து தேடுகிறோம்.

நம் தோட்டங்களில் இதை எல்லோருமே பார்த்திருப்பீர்கள். மாரியம்மனுக்கோ கருப்பண்ணனுக்கோ கிடா வெட்டுவதற்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். துலுக்குவது என்போம். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது. துலுக்காவிட்டால் சாமிக்கு ஏதோ மனக்குறை. அப்போது என்ன செய்வார்கள்? ஆளாளுக்கு அம்மனிடம் சமாதானம் பேசிக்கொண்டே இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள். அப்புறம் இன்னொரு சொம்பு. குளிர் தாங்காமல் கிடா எப்படியும் ஒரு கட்டத்தில் துலுக்கிவிடும். சுற்றிலும் குலவை. நான் சின்ன வயதில் ஒருமுறை அப்பாருவிடம், “துலுக்கவே இல்லைன்னா?” என்று கேட்டேன். “துலுக்கிரும் சாமி. நாம என்ன வெறுங்கையோடவா வீட்டுக்குப் போறது? அடுப்பு மூட்டியாச்சில்ல?” என்றார். ஞானி.

உலகத்தில் இதற்கு ஒரு மகாராஜா உதாரணம் உண்டு. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் லிடியா தேசத்து ராஜா குரோசஸ். பெரும் பணக்காரன். கிரேக்க நாட்டில் எந்தக் கோயிலில் குறி சரியாகச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஏழெட்டு இடத்துக்கு ஆள் அனுப்பினான். ‘புறப்பட்ட நூறாவது நாள், இந்த நேரத்தில் எங்கள் ராஜா என்ன செய்துகொண்டிருக்கிறார்?’ என்று எல்லா இடத்திலும் கேட்க வேண்டும். அந்த நாளில் அவன் யாரும் ஊகிக்க முடியாதபடி ஆமைக்கறியையும் ஆட்டுக்கறியையும் வெண்கலப் பாத்திரத்தில் சேர்த்துச் சமைத்தான். டெல்ஃபி கோயில் சரியாகச் சொன்னது. வண்டி வண்டியாகப் பொன் அனுப்பினான். பிறகு, பாரசீகத்தின் மேல் படை எடுக்கலாமா என்று கேட்டான். ‘எடுத்தால் ஒரு பெரிய சாம்ராஜ்யம் அழியும்’ என்று பதில் வந்தது. எடுத்தான். அழிந்தது அவனுடைய சாம்ராஜ்யம்.

ஹெரடோட்டஸ் சொல்லும் இந்தக் கதையின் வால்பகுதியை நாம் சாதாரணமாகச் சொல்வதில்லை. தோற்றுப்போன குரோசஸ் டெல்ஃபிக்கு ஆள் அனுப்பி, இப்படியா ஏமாற்றுவது என்று சண்டை போட்டான். பதில் வந்தது: எந்த சாம்ராஜ்யம் என்று நீ மறுபடி ஆள் அனுப்பிக் கேட்டிருக்க வேண்டும். அதாவது, மறுபடி கேட்காததுதான் அவன் தப்பு! ஏழு கோயிலைப் பரீட்சை பண்ணத் தெரிந்தவனுக்கு, தனக்குச் சாதகமான பதில் வந்தவுடன் கேள்வி நின்றுவிட்டது.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. மறுபடி கேட்பது தப்பில்லை. பாதகமாக வந்தால் மட்டும் மறுபடி கேட்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் அஸாண்டே என்ற மக்கள் கோழிக்குஞ்சுக்கு விஷம் கொடுத்துக் குறி பார்ப்பார்கள். இவான்ஸ்-பிரிச்சர்ட் என்ற ஆய்வாளர் அவர்களோடு தங்கி எழுதிய புத்தகம் 1937-ல் வந்தது. ‘விஷயம் உண்மையானால் கோழி சாகட்டும்’ என்று முதலில் கேட்பார்கள். பிறகு இன்னொரு கோழிக்குக் கொடுத்து, ‘உண்மையானால் கோழி பிழைக்கட்டும்’ என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. சாதகமோ பாதகமோ, இரண்டாவது கேள்வி கட்டாயம். நம் சிவன்மலையிலும் அதேதான். கனவு மட்டும் போதாது. பூவும் வர வேண்டும். கேட்கிறவனின் ஆசை உள்ளே நுழையாமல் இருக்க, படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் போட்டு வைத்த பூட்டு.

சொந்த விஷயத்தில் பூட்டைத் திறந்துகொள்கிறோமா, திறந்துகொள்ளுங்கள். அந்தச் சரவணம்பட்டிப் பெண் வாரம் ஒரு கட்டு வாங்கட்டும். அவள் காசு, அவள் வாழ்க்கை. சொல்லப்போனால், சீட்டைத் திருப்புவதற்கு முந்தின அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதற்கு நான் மரியாதை கொடுப்பேன். ‘ஐயோ, இது வரக்கூடாதே’ என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த அடிப்பில் அவளுக்கு வேண்டியது தெரிந்துவிடும். ‘விட்டுடு’ என்று வந்ததும் அவளுக்குக் கோபம் வந்ததே, அதைவிடத் தெளிவாக எந்தச் சீட்டு பேசப்போகிறது?

ஆறுதலுக்காகக் கேட்பதும் அப்படித்தான். முல்லைப்பாட்டில் வருகிறது. போருக்குப் போன அரசன் திரும்பவில்லை. வயதான பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கும்பிட்டு, காதில் விழுகிற முதல் வார்த்தைக்காகக் காத்து நிற்கிறார்கள். விரிச்சி கேட்டல் என்று பெயர். பக்கத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஓர் இடைப்பெண், தாயைத் தேடும் கன்றிடம், உன் அம்மா இப்போது வந்துவிடுவாள் என்று தேற்றிக்கொண்டிருக்கிறாள். நல்ல சொல் கேட்டாயிற்று என்று அரசியிடம் வந்து சொல்கிறார்கள். அவளுக்கு அழுகை நிற்கவில்லை என்பதையும் புலவர் சொல்லத் தவறவில்லை. யாருக்கும் நஷ்டமில்லை. கன்றுக்குச் சொன்னதைக் கிழவிகள் கடன் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் நீரோட்டம் பார்க்கிறவர்கள் விவகாரமும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார்கள். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போர் போட வேண்டும். கோவைச் சுற்றுவட்டாரத்தில் ஆயிரம் அடி தாண்டியும் குழாய் இறங்குகிறது. தண்ணீர் வராமல் புழுதி பறந்தால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார் விவசாயி. கேட்டதும் அவர், கடன் கட்டுவதும் அவர். பூமி மழுப்பாது. ‘ஏதோ ஒரு தாக்கம்’ என்று சொல்லாது.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். கேட்பது ஒருவர், அனுபவிப்பது இன்னொருவர் என்று ஆகும்போது.

கோவையில் ஒரு பட்டறை முதலாளி. கல்லாவில் பணம் காணாமல் போனது. பிரசன்னம் பார்த்தார். ‘தெற்கே இருந்து வந்தவன்’ என்று வந்தது. பட்டறையில் தெற்கத்திப் பையன் ஒரே ஒருத்தன். அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அதே முதலாளி, இரண்டாவது யூனிட் போடுவதற்கு ஒரு ஜோசியர் ‘வேண்டாம்’ என்றபோது பாலக்காட்டுக்குப் போனார். அங்கேயும் சரியாக வரவில்லை என்று இன்னொருவரிடம் போனார். மூன்றாவது ஆள் ‘தாராளமாக’ என்றார். யூனிட் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பையனுக்காக இரண்டாவது பிரசன்னம் யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்று, அவிநாசிப் பக்கம். எனக்குத் தெரிந்த குடும்பம். ஊர், பேர் வேண்டாம். அப்பாவுக்கு நாலு தறி. பெண் படித்தவள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. ‘கோயில்ல ஒரு வார்த்தை பூக் கேட்டுட்டுச் சொல்லிர்றோமுங்க’ என்று கிளம்பினார்கள். நாலாம் நாள் போன்.

“பூ வரலீங்க.”

“எங்க புள்ளைகிட்ட ஏதாச்சும் குறைங்களா?” என்று இந்தம்மா கேட்டிருக்கிறார்.

“சேச்சே, குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தங்கமாட்டப் புள்ளை. பூத்தானுங்க வரலை.”

இந்தப் பதிலில் ஒரு நாகரிகம் இருக்கிறது. அதை நான் மறுக்கமாட்டேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் சொல்லியாக வேண்டிய ஊரில், யாரையும் குறை சொல்லாமல் விலகிக்கொள்ள சாமி ஒரு வழி கொடுத்திருக்கிறார். நிறம் என்று சொல்லவில்லை, பவுன் என்று சொல்லவில்லை. பெண் வீட்டாரும் பக்கத்து வீட்டில் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம். பூ வரவில்லை என்றால் யார் யாரைக் கோபித்துக்கொள்வது? எத்தனையோ குடும்பச் சண்டையை அந்தச் சிவப்புப் பூ தடுத்திருக்கும்.

அந்த வீட்டிலும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்து அதே பையனுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு உடன்பிறப்பு இல்லை, பத்து ஏக்கர் தென்னந்தோப்பு. பத்திரிகை வந்தது. கொங்கு நாட்டில்தான் யாரைத் தொட்டாலும் பங்காளி, இல்லாவிட்டால் மாமன் மச்சான் ஆயிற்றே! யார் மூலமோ சேதி கசிந்தது. இந்தச் சம்பந்தத்துக்கும் பூக் கேட்டிருக்கிறார்கள். முதல் தடவை சிவப்பு. நேரம் சரியில்லை என்று வேறொரு நாள் பார்த்துப் போனார்கள். மறுபடி சிவப்பு. அமாவாசை கழியட்டும் என்று காத்திருந்து, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து, மூன்றாவது முறை கேட்டிருக்கிறார்கள். வெள்ளை.

நான் கேள்விப்பட்டபோது அந்தப் பெண்ணின் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “மூணு தடவை கேட்டாங்கன்னு எனக்குக் கோபமில்லீங்க. அமாவாசை பார்த்தாங்க, பொங்கல் வச்சாங்க, எல்லாம் சரி. எம்புள்ளைக்கு மட்டும் ஏனுங்க ஒரு தடவையோட எந்திரிச்சு வந்துட்டாங்க?”

பத்து ஏக்கருக்கு மூன்று பூ. நாலு தறிக்கு ஒரு பூ. சாமி பேரில் கணக்கு எழுதினாலும் பேரேடு பேரேடுதான்.

நீங்களும் உங்கள் பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள். பூவும் சீட்டும்தான் வேண்டும் என்றில்லை. ‘ஜாதகம் சேரலை’, ‘வாஸ்து சரியில்லை’, ‘மேலிடத்துல ஒத்துக்கலை’, ‘சிஸ்டத்துல அப்படித்தான் வருது’ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்! நமக்கு வேண்டிய காரியத்துக்கு அதே சிஸ்டத்தை எத்தனை தடவை மறுபடி தட்டிப் பார்த்திருப்போம்! மறுத்துச் சொன்னவன் நான்தான் என்று நேருக்கு நேர் சொல்லும் தைரியம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருஷம் பல்லடம் பக்கம் ஒரு வரன் வந்தது. அவர்களும் பூக் கேட்க வேண்டும் என்றார்கள். இவள் ஒரு நிபந்தனை போட்டாள். “நானும் வருவேன். அவங்களுக்கு ஒரு பூ கேட்டா, எனக்கும் ஒரு பூ கேக்கோணும்.” பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பையன் சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டானாம். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் கூடினார்கள். பையனுக்காகக் கேட்டதில் வெள்ளை வந்தது. இவளுக்காகக் கேட்டதில் சிவப்பு.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பையனின் அம்மாதான் முதலில் வாய் திறந்தார். “கொழந்தை கை மாறிப்போயிருக்கும். அதனால என்னுங்க, இன்னொருக்கா கேட்டுப் பாத்துக்கலாமுங்க.”

இவள் பூசாரியைப் பார்த்தாள். “ஏனுங்க, எத்தனை தடவை வரைக்கும் கேக்கலாமுங்க?”

பூசாரி பதில் சொல்லவில்லை. திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.